ஏப்ரல், மே பில்லும் புது ஏர்கானும்: நாலு வீட்டுக் கணக்கு

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக எதுவும் கிடையாது, வருடம் முழுக்க ஒரே வெயில்தான் என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லுவோம். மின்சார பில்லை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தால் கோடை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மழையில் ஃபேனோடு தூங்கிவிடலாம். மார்ச் கடைசியில் ஏறத் தொடங்கினால் ஏப்ரலும் மேயும் உச்சத்தில் நிற்கும். இந்தத் தீவில் பதிவான மிக அதிக வெப்பநிலை 37 டிகிரி, அது 1983 ஏப்ரலில் தெங்காவில், அப்புறம் 2023 மே மாதம் அங் மோ கியோவில், இரண்டும் இந்த மாதங்களில்தான். பகல் சூட்டையாவது வெளியே கடைத்தொகுதியில், நூலகத்தில் கழிக்கலாம், ராத்திரி எங்கே போவது? காற்றில் ஈரம் அப்படியே நிற்க, நடுஜாமத்திலும் சுவர் சூடு ஆறாமல் இருக்கும் நாட்களில் ஏர்கான் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், எழுபத்தைந்து வயது அம்மாவை வீட்டில் வைத்திருக்கும் எனக்கு அது ஏறாது.

எங்கள் வீடு ஈசூனில், நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, நான், கணவர், மகன், அம்மா என்று நாலு பேர். வீட்டை வாங்கும்போதே இருந்த சிஸ்டம் 2 (ஒரு வெளிப்பெட்டி, இரண்டு அறைக்கு இரண்டு உள்பெட்டி), கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரகம், அது இந்த வருடம் தொடக்கத்தில் ஓய்ந்துபோனது. அதற்குப் பதிலாக மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஸ்டார்மெக்ஸ் சிஸ்டம் 2 போட்டோம், இரண்டு படுக்கையறைக்கும் 9000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு), 5 டிக் (மின்சிக்கனத் தரக்குறி), குளிர்விக்கும் காஸ் ஆர்32. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஓட்டி, பில்லும் வந்தாயிற்று. வாங்குவதற்கு முன்னால் நான் தேடியபோது எல்லா இடத்திலும் "பில் பாதியாகக் குறைந்தது" என்ற ஒரு வரிதான் கிடைத்தது, எத்தனை யூனிட்டிலிருந்து எத்தனை யூனிட்டுக்கு, எத்தனை பேர் வீட்டில், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் என் வீட்டுக் கணக்கோடு என் தங்கை, மாமா, அலுவலகத் தோழி மூன்று பேர் வீட்டு மே பில்லையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பில்லை வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) ஒப்பிடாதீர்கள், யூனிட்டில் ஒப்பிடுங்கள். மின்சாரம் வழங்கும் எஸ்பி நிறுவனத்தின் பில்லில் மின்சாரம், தண்ணீர், சமையல் காஸ், குப்பைக் கட்டணம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தொகையாக வரும். தண்ணீர் விலை 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் இரண்டு தடவை ஏறியது, ஜிஎஸ்டி 2024 ஜனவரியில் 9 விழுக்காடு ஆனது, மின்கட்டணமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். இதற்கு நடுவில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வீவக வீடுகளுக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி உள்ளே விழும். ஏப்ரல் பில் குறைந்திருக்கிறதே, புது ஏர்கான் வேலை செய்கிறது என்று ஒருவர் சந்தோஷப்படுவார், பார்த்தால் அது யூ-சேவ் விழுந்த மாதமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் "எங்களுக்கு 240 வெள்ளி, உங்களுக்கு?" என்று கேட்பதில் ஒன்றுமே தெரியாது. பில்லில் மின்சாரத்துக்கு நேராக ஒரு எண் இருக்கும், அதுதான் யூனிட், அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, பழைய மீட்டர் உள்ள வீடுகளில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் ஆள் வந்து படிப்பார்கள், இடையில் உள்ள மாதம் மதிப்பீடுதான். அந்த வீட்டில் மே மாதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் கணக்கு தப்பாகும், ஏப்ரலையும் மேயையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்ப்பதுதான் சரி. எங்கள் புளோக்கில் ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது, எஸ்பி செயலியில் அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு ஓடியது என்று கோடு கோடாகக் காட்டும். இந்த ஒப்பீட்டுக்கு எனக்கு மிகப் பெரிய துணை அதுதான். ஏர்கான் வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கடைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி ஏர்கான் போட்ட கோட்டையும் போடாத கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, கணக்கு. போன வருடம் மே மாதம் பழைய ஏர்கானோடு எங்கள் வீட்டில் 610 யூனிட். இந்த மே மாதம் புதியதோடு 430 யூனிட். ஆட்கள் அதே நாலு பேர், தினமும் இரவு ஒன்பது மணி நேரம் இரண்டு அறையிலும் ஓடியது, ஃபிரிஜ், வாட்டர் ஹீட்டர் எதுவும் மாறவில்லை. ஏர்கானே போடாத மழை மாதங்களில் எங்கள் வீடு 280 யூனிட்டை ஒட்டி நிற்கும். அதைக் கழித்தால் பழைய ஏர்கான் தின்றது மாதம் 330, புதியது தின்பது 150. ஜிஎஸ்டியோடு சேர்த்து யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால் (2025இல் கட்டணம் ஜிஎஸ்டி இல்லாமல் 27, 28 காசை ஒட்டித்தான் இருந்தது) மே மாதம் மட்டும் 54 வெள்ளி மிச்சம். ஏர்கான் செலவு பாதிக்கும் கீழே போனது, ஆனால் மொத்த யூனிட்டில் பார்த்தால் மிச்சமானது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவுதான். "பில் பாதியாகிவிடும்" என்று கடையில் சொல்வது இதில் முதல் எண்ணை வைத்துத்தான், பில்லில் ஏர்கானைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், பழைய ரகத்தில் கம்ப்ரசர் ஒன்று முழு வேகத்தில் ஓடும் அல்லது நின்றுவிடும், இடையில் எதுவும் கிடையாது. அறை குளிர்ந்ததும் டக்கென்று நிற்கும், கொஞ்சம் சூடேறியதும் மறுபடி முழு மூச்சில் கிளம்பும், அதே சத்தத்தில் அம்மா விழித்துக்கொள்வார். இன்வெர்ட்டர் என்பது அடுப்பைச் சிறுதீயில் வைப்பது மாதிரி, அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே குளிரைத் தாங்கிப் பிடிக்கும். செயலியின் கோட்டில் இது அப்படியே தெரிகிறது: முதல் அரை மணி நேரம் ஏறுகிறது, அப்புறம் இறங்கி விடியும் வரைக்கும் தட்டையாக ஓடுகிறது. 18 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சீக்கிரமெல்லாம் குளிராது, 18ஐ எட்டும் வரை கம்ப்ரசர் இறங்கவே இறங்காது, அவ்வளவுதான். தேசிய சுற்றுப்புற வாரியம் 25 டிகிரி என்று சொல்கிறது. நாங்கள் 26இல் வைத்து, கூடவே ஃபேனையும் சின்ன வேகத்தில் ஓடவிடுகிறோம், காற்று மேலே பட்டுக்கொண்டிருந்தால் 26 தாராளமாகப் போதும்.

ஸ்டார்மெக்ஸைப் பற்றி எனக்குச் சொல்ல நல்லதுதான் இருக்கிறது. சத்தம் இல்லை, ஓடுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது அம்மாவுக்கே முடிகிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டிவிடுகிறார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதே 9000 பிடியு, 5 டிக் அளவில் டைக்கின், பானாசோனிக் எதை எடுத்திருந்தாலும் என் பில் இதையொட்டித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிராண்டுக்கு பிராண்டு சண்டை போடுவதில் காட்டும் அக்கறையை அளவிலும் பொருத்துகிற ஆளிடமும் காட்டுவதுதான் பிரயோசனம். பொருத்தியவரிடம் நான் மூன்று விஷயம் கேட்டேன்: செப்புக் குழாய் எந்தத் தடிமன், குழாயைச் சுற்றும் காப்புறை அரை அங்குலமா, வடிகுழாய்க்கும் காப்புறை உண்டா. நம் ஊர் ஈரத்தில் காப்புறை மெலிந்திருந்தால் குளிர்ந்த குழாய் மேல் தண்ணீர் கோத்து டிரங்கிங் (குழாய்களை மூடும் உறை) வழியாகச் சுவரில் வடியும், அப்புறம் பெயின்ட் உரியும், உள்ளே கறுப்புப் பூஞ்சை வரும். நல்ல பொருள் போட 200, 300 வெள்ளி கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். டிரங்கிங்கை மூடியபிறகு உள்ளே என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் மூடும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீவக வீட்டில் பொருத்துகிறவர் அதற்கான பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவராக இருக்க வேண்டும், வெளிப்பெட்டி ஏர்கான் மேடையில்தான் உட்கார வேண்டும், இதில் விளையாடக் கூடாது, மேலிருந்து விழுந்தால் கீழே ஆள் நடக்கிற இடம்.

அடுத்தது என் தங்கை வீடு. பொங்கோலில் ஐந்தறை பிடிஓ (வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புது வீடு), சாவி வாங்கியதும் டைக்கின் சிஸ்டம் 4 போட்டார்கள், எல்லாம் 5 டிக், என்னுடையதைப் போலவே புதியது. மே மாதம் 690 யூனிட். போனில் தங்கை, "அக்கா, அஞ்சு டிக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினோம், எப்படி உன் பழைய ஏர்கான விட அதிகமா வருது?" என்று கேட்டாள், குரலில் நிஜமாகவே வருத்தம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. டிக் என்பது ஒரு அளவுக்குக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு பெரிய மெஷின், எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லாது. அவள் வீட்டில் ஹாலுக்கு 24000 பிடியு, கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி சாப்பாடு வரை ஹால் ஏர்கான்தான். ஹாலும் சாப்பாட்டு இடமும் சமையலறையும் சேர்ந்து ஒரே திறந்த வெளி, நடுவில் கதவே இல்லை, ரசம் கொதிக்கிற சூட்டையும் சேர்த்து அந்த ஒரு மெஷின் குளிர்விக்க வேண்டும். அவள் செயலியில் பார்த்தோம், பகலில் ஹால் மட்டும் தின்பது ராத்திரி இரண்டு படுக்கையறை தின்பதற்குச் சமமாக இருக்கிறது.

இந்த சிஸ்டம் 3, சிஸ்டம் 4 விற்பனையில்தான் எனக்குக் கோபம். பிடிஓ சாவி வாங்குகிற இளம் தம்பதிகளிடம் "ஹாலுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் டிரங்கிங் அசிங்கமாக இருக்கும்" என்று சொல்லி, நாலு அறைக்கும் தாங்குகிற மாதிரி ஒரு பெரிய வெளிப்பெட்டியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பெரிய கம்ப்ரசரைப் பாதி ராத்திரியில் ஒரே ஒரு படுக்கையறைக்காக ஓட்டும்போது அது எவ்வளவு வேகத்தைக் குறைத்தாலும் ஒரு எல்லைக்குக் கீழே போக முடியாது. ஒரு அறைக்கு ஒரு வெளிப்பெட்டி என்று தனித்தனியாக சிஸ்டம் 1 போட மேடையில் இடம் இருக்காது, அது புரிகிறது. ஆனால் படுக்கையறைக்கு ஒரு சிஸ்டம் 2, ஹாலுக்கு நல்ல சீலிங் ஃபேன் என்று யோசித்தால் பெரும்பாலான நான்கறை வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. எங்கள் ஹாலில் கேடிகே டிசி மோட்டார் ஃபேன் ஒன்று இருக்கிறது. டிசி ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலும் 30, 40 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும், நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு யூனிட் வராது. தங்கையிடமும் அதையே சொன்னேன், மாப்பிள்ளை ஹாலை விட்டுவிட்டுச் சின்ன அறையில் மேசையைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கட்டும், 9000 பிடியு ஓடட்டும், ஹாலில் ஃபேன் சுற்றட்டும். ஜூன் மாதம் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஹவ்காங்கில் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) இருக்கும் என் அலுவலகத் தோழி வீட்டில் 780 யூனிட். அதை நான் ஏர்கான் கணக்கில் சேர்க்கவே மாட்டேன், துணி உலர்த்தும் மெஷின் தினமும், சேமிப்புத் தொட்டி வாட்டர் ஹீட்டர் நாள் முழுக்க அணைக்காமல். ஹீட்டர் சுவிட்சை அணைக்கச் சொன்னேன், அதற்கு மெஷின் மாற்ற வேண்டியதில்லை.

தெங்காவில் வீடு வாங்கிய சித்தப்பா மகனிடமும் பில் கேட்டேன், ஆனால் அதை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே மையக் குளிரூட்டல் எடுத்தவர்கள் வீட்டில் கம்ப்ரசரே கிடையாது, புளோக்கின் கூரையில் உள்ள சில்லர் என்ற பெரிய மெஷினில் குளிர்ந்த தண்ணீர் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து அறையைக் குளிர்விக்கிறது. வீட்டு மீட்டரில் யூனிட் குறைவாகத்தான் தெரியும், குளிருக்குத் தனியாகக் காசு. இரண்டையும் கூட்டாமல் "தெங்காவில் பில் ரொம்பக் குறைவு" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இப்போது மாமா. தோ பாயோவில் மூன்றறை வீடு, அவரும் மாமியும் மட்டும், ஏர்கான் கிடையாது, மே மாதம் 210 யூனிட். நாலு வீட்டில் இதுதான் மிகக் குறைவு, ஆனால் இந்த எண்ணைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவர்கள் படுக்கையறை மேற்குப் பார்த்தது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், வடக்கு, தெற்குச் சுவரில் வெயில் மாதத்துக்கு மாதம் மாறும், மேற்குச் சுவர் மட்டும் வருடம் முழுக்கச் சாயங்கால வெயிலை நேராக வாங்கும். கான்கிரீட் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி அறைக்குள் விடும், ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையேதான் சுற்றி அடிக்கும். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, மாமிக்கு சர்க்கரை, இரண்டு பேரும் ஏப்ரல் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. வயதானவர்களுக்கு உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. குறைந்த பில்தான் நல்ல பில் என்று நாம் எல்லாரும் பழக்கத்தில் பேசுகிறோம், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இந்த மாதிரி ஆட்கள் வேர்வையில் கிடக்கிறார்கள். மேற்குப் பார்த்த அறை உள்ளவர்கள் மத்தியானம் மூன்று மணிக்கே திரையை இழுத்து மூடிவிடுங்கள், ஏழரை மணிக்கு மேல் ஜன்னலை எல்லாம் திறந்து, தேங்கிய சூட்டை வெளியே விட்டு, அப்புறம் ஏர்கான் போடுங்கள். எங்கள் அம்மா அறையும் மேற்குதான், இதைச் செய்கிற நாளில் செயலிக் கோட்டின் முதல் அரை மணி நேர ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாழ்கிறது.

சர்வீஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, பணம் வீணாகிற இடம் அது. பழைய ஏர்கான் இருந்தபோது குளிர் குறைகிறது என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம், பெயர் வேண்டாம். வந்தவர் மூடியைக்கூடச் சரியாகத் திறக்காமல் காஸ் குறைந்திருக்கிறது, டாப்-அப் செய்ய 120 வெள்ளி என்றார். பிரஷர் எவ்வளவு காட்டுகிறது, மீட்டரைப் போட்டுக் காட்டுங்கள் என்றதும் வண்டியில் இருக்கிறது, எடுத்து வர நேரமாகும் என்று இழுத்தார், அனுப்பிவிட்டேன். அப்புறம் தேக்காவில் தெரிந்த கடைக்காரர் சொல்லி ஒரு தம்பி வந்தார், புதுக்கோட்டைப் பக்கம், இந்த வேலையிலேயே பல வருடம். அவர் மீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, காஸ் சரியா இருக்கு. காஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் இல்ல, மூடின குழாயிலதான் சுத்துது. குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம், ஓட்டைய அடைக்காம ஊத்தினா மறுபடி போயிடும்" என்றார். காற்றைக் குளிர்விக்கும் காயில் (coil) முழுக்க அழுக்கு அடைத்துக் காற்றே வராமல் இருந்தது, கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டுக் கழுவுவது) செய்ததும் குளிர் வந்துவிட்டது. இதை இங்கே சொல்வது, மே மாதம் வந்தால் இந்த டாப்-அப் கதையை ஈசூனிலிருந்து ஜூரோங் வரை எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள் என்பதால்தான். காஸ் குறைவு என்றால் எங்கே கசிவு என்று கேளுங்கள், காட்டாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சாதாரண சர்வீஸ், நீங்களே கழுவும் ஃபில்டர், இரண்டும் ஒழுங்காக நடந்தால் கெமிக்கல் வாஷ் அடிக்கடி தேவைப்படாது. ஒவ்வொரு தடவையும் கெமிக்கல் வாஷ் என்று சொல்கிறவரை மாற்றிவிடுங்கள்.

மின்சாரம் வாங்கும் திட்டத்தை மாற்றினால் போதாதா என்று கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். 2018இல் ஜூரோங்கில் சோதனையாகத் தொடங்கி 2019இல் தீவு முழுக்க வந்த, நாமே விற்பனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தையில் நிலையான விலைத் திட்டங்கள் கிடைக்கின்றன. 2021 கடைசியில் எரிவாயு விலை எகிறியபோது சில விற்பனை நிறுவனங்கள் கடையை மூடிவிட்டுப் போனதும் நினைவிருக்கும், நம் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது, அந்த விலை ஏறினால் இங்கே ஏறும். திட்டம் மாற்றி யூனிட்டுக்கு 2 காசு குறைந்தால் எங்கள் 430 யூனிட்டுக்கு மாதம் 8 வெள்ளி சொச்சம். நல்லதுதான், எடுத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தை முன்கூட்டி முறித்தால் என்ன கட்டணம் என்பதைப் படித்துவிட்டு. ஆனால் 54 வெள்ளிக்கும் 8 வெள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பது மாதிரி இங்கே அடுக்கு முறை கிடையாது, முதல் நூறு யூனிட் இலவசமும் இல்லை, 500ஐத் தாண்டினால் விலை எகிறுவதும் இல்லை, முதல் யூனிட்டும் எழுநூறாவது யூனிட்டும் ஒரே விலை. ஊர் பழக்கத்தில் "அந்த எல்லையைத் தாண்டிவிடக் கூடாது" என்று பயந்து மாதக் கடைசியில் மட்டும் ஏர்கானை அணைப்பவர்களை எனக்குத் தெரியும், அதனால் இங்கே ஒரு காசும் கூடுதலாக மிச்சமாகாது.

போட்ட பணம் திரும்ப வருமா? பொருத்தும் கூலி, நல்ல குழாய், பழையதைக் கழற்றிப் போடுவது எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,600 வெள்ளி ஆனது. அதில் அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டு 400 வெள்ளியைக் கழித்துக்கொண்டோம், வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300, 2025இல் மேலும் 100 என்று கொடுத்தது, 2027 கடைசி வரை செல்லும், 5 டிக் ஏர்கானுக்கும் டிசி ஃபேனுக்கும் பயன்படுத்தலாம். பலர் இன்னும் எடுக்காமலே வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். கைக்காசு 2,200. மழை மாதங்களில் மிச்சம் குறையும், வருடத்துக்குச் சராசரியாக மாதம் 40 வெள்ளி என்று போட்டால் 480, நாலரை வருடத்தில் பணம் திரும்பும். கம்ப்ரசருக்கு ஐந்து வருட உத்தரவாதம் இருப்பதால் எனக்கு இது சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் வீட்டில் ஏழெட்டு வருட இன்வெர்ட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள். அதில் 20, 30 யூனிட் மிச்சமாவதற்கு 2,000 வெள்ளி போடுவது கணக்கே இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத பழைய மெஷின், தினமும் ஓட்டுகிற வீடு, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றுவதில் அர்த்தம்.

மாமா வீட்டுக்குப் போன வாரம் பேசி முடித்துவிட்டோம், படுக்கையறைக்கு மட்டும் சிஸ்டம் 1. மேற்குச் சுவர் என்றதும் கடையில் 12000 பிடியு சொன்னார்கள், அறையின் அளவைச் சொல்லி, திரை போடப்போகிறோம் என்றும் சொல்லி, 9000லேயே நிறுத்தினேன். பெரியது போட்டால் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடும், ஈரம் சரியாக இறங்காமல் அறை சில்லென்று பிசுபிசுக்கும். பழைய புளோக் என்பதால் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியரா 40 ஆம்பியரா என்று பார்க்க உரிமம் பெற்ற மின்பணியாளர் சனிக்கிழமை வருகிறார், 30 ஆக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். மாமாவின் ஒரே கேள்வி மாதம் எவ்வளவு கூடும் என்பதுதான். எங்கள் அறைக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு அறைக்கு மாதம் 75 யூனிட், 22, 23 வெள்ளி. மாமியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.